மாத்திரை கடையிலே, மருத்துவர் எங்கே?

கடையநல்லூர்க் கடைவீதி. விளக்கு வைக்கும் நேரம். மருந்துக்கடை முன்னே, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஒரு திருநங்கை நிற்கிறாள். கூட்டம் கலையட்டும் என்று காத்திருக்கிறாள். கலைந்ததும், தணிந்த குரலிலே கருத்தடை மாத்திரை நாலு அட்டை கேட்கிறாள். கடைக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார். சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. காசு கல்லாவுக்குப் போகிறது, அட்டை அவள் கைக்கு வருகிறது.

நாம் கற்பித்துக்கொண்ட காட்சிதான், தோழர்களே! ஆனால் எந்த ஊர்க் கடைவீதியிலும் நடக்கக்கூடிய காட்சி.

கருத்தடை மாத்திரை அவளுக்கு ஏன்? அதிலே பெண் ஹார்மோன் இருக்கிறது; மலிவு; கேள்வியில்லாமல் கிடைக்கிறது. மூத்தவள் ஒருத்தி சொன்னாள், இளையவள் விழுங்குகிறாள். ஒன்று போதாதென்று மூன்று, நான்கு! அதிலே கலந்திருக்கும் எத்தினில் ஈஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பொருள், இரத்தம் உறையும் ஆபத்தை மிகுவிப்பது. கெண்டைக்காலிலே இரத்தம் கட்டும், கால் வீங்கும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே உலை. புகைபிடிப்பவராயின் இடர் இன்னும் அதிகம். அதனாலேதான் மருத்துவ நெறிகள் இந்தச் சிகிச்சைக்கு அதை விலக்கிவிட்டு, உடலிலே இயல்பாய்ச் சுரக்கும் ஈஸ்ட்ராடியாலையே தரச் சொல்கின்றன. ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரனோலாக்டோன் தந்தால், பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். திருநம்பிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், சிவப்பணு பெருகி இரத்தம் தடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். முதல் ஆண்டிலே மூன்று மாதத்திற்கு ஒரு முறை சோதனை. இதைச் செய்யாமல் விழுங்கும் மாத்திரை மருந்தல்ல, சூதாட்டம்!

சட்டம் இல்லையா? இருக்கிறது, ஏட்டிலே. 2008 இல் கலைஞர் ஆட்சியிலே வாரியம் அமைந்தது, இந்தியாவிலேயே முதலாவது. 2014 ஏப்ரல் 15 இல் உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமை இவர்களுக்கு உண்டு என்றது. மருத்துவ வசதி செய்து கொடு என்று அரசுகளுக்கு ஆணையிட்டது. 2019 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ 15 ஆம் பிரிவிலே ஹார்மோன் சிகிச்சை என்று பெயர் சொல்லியே எழுதிற்று. மருத்துவ மாணவரின் பாடத்தையும் திருத்தவேண்டும் என்றது. அதே ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம், இது மனநோயன்று என்று நோய்ப் பட்டியலை மாற்றிற்று.

பக்கத்துச் சங்கரன்கோவிலிலே அரியும் அரனும் ஒரே மேனியிலே பாதிப்பாதி. ஆடித் தபசுக்குக் கூட்டம் கூட்டமாய்ப் போய்க் கும்பிடுகிறார்கள். கல்லிலே கண்டால் கன்னத்திலே போட்டுக்கொள்ளும் கை, தெருவிலே கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது! அது கிடக்கட்டும், மருந்துக்கு வருவோம்.

சென்னை இராசீவ் காந்தி மருத்துவமனையிலும் மதுரை இராசாசி மருத்துவமனையிலும் தனிப் பிரிவு கண்டார்கள். வரவேற்றோம். ஆனால் கடையநல்லூரிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். 2021 இல் திருநங்கையர்க்கும் கட்டணமில்லாப் பயணம் தந்தார்களே என்பீர்கள். அது நகரப் பேருந்திலே! மதுரைக்குப் போகும் வண்டியிலே நடத்துநர் சீட்டுக் கேட்கத்தான் செய்வார். போக வரக் காசு, ஒரு நாள் கூலி, ஆண் வரிசையா பெண் வரிசையா என்ற ஏளனம். ஒரு முறை போவாள்; மூன்று மாதத்திற்கு ஒரு முறை போவாளா? 2019 இல் தென்காசி மாவட்டம் பிறந்தது; அரசு மருத்துவக் கல்லூரி உடன் பிறக்கவில்லை.

சிலருக்காக ஊருக்கு ஊர் நிபுணரா என்று கேட்பர் சிக்கனம் பேசுவோர். நிபுணர் வேண்டும் என்று யார் சொன்னார்? முதலிலே ஒரு தடவை பெரிய மருத்துவமனையிலே பார்த்து அளவு குறித்துத் தரட்டும். பிறகு வேண்டியது இரத்த அழுத்தக் கருவியும், இரத்தச் சோதனையும், முகஞ்சுளிக்காத ஒரு மருத்துவருமே. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டு வாசலிலே மாத்திரை கொடுக்க 2021 ஆகஸ்டு 5 இல் மக்களைத் தேடி மருத்துவம் புறப்பட்டதே. அந்தப் பையிலே இன்னும் ஓர் அட்டை வைத்தால் பை கிழிந்தா போகும்?

நாமும் குற்றவாளிகளே. 'திருநங்கை' என்று மேடையிலே மணக்க மணக்கச் சொல்லிக் கைதட்டல் வாங்கினோம். மேடைக்குப் பின்னாலே இருந்த மருந்துக்கடையை எட்டிப் பார்க்கவில்லை.

கேட்பது இதுதான்: தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையிலே வாரத்தில் ஒரு நாள் தனிப் பிரிவு, கடையநல்லூர் அரசு மருத்துவமனையிலே அந்தச் சோதனைகள், மருந்தகத்திலே ஈஸ்ட்ராடியால், இலவசமாக. சட்டமன்றத்திலே நம் தோழர்கள் எழுப்பட்டும் இதை. பதிலை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.