சீன விண்டோஸில் சிதையும் மெனு எழுத்துகள்

சீன மொழி விண்டோஸில் பழைய பிரெஞ்சு மென்பொருள் ஒன்றைத் திறந்தால், மெனுச் சொற்களின் நடுவே பொருளற்ற சீன எழுத்துகள் முளைத்து நிற்பதுண்டு. உடனே எழுத்துருவை மாற்றிப் பார்ப்பார்கள். பயன் இருக்காது, கோளாறு எழுத்துருவில் இல்லை.

பழைய நிரல்கள் மெனுச் சொற்களை எண்களாகச் சேமித்தவை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைக் கணினியின் 'கோட் பேஜ்' என்ற அட்டவணை சொல்லும். மேற்கு ஐரோப்பிய விண்டோஸின் அட்டவணை 1252. சீனாவின் எளிய வரிவடிவத்துக்கு 936. தைவானின் மரபு வரிவடிவத்துக்கு 950. முதலாவதில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஆனால் ஒரு பைட்டில் 256 எண்களே அடங்கும். 1980-இல் வந்த ஜிபி 2312 தரத்திலேயே 6,763 சீன எழுத்துகள் உண்டு. அதனால்தான் 936-இல் ஒரு சீன எழுத்துக்கு இரண்டு பைட்டுகள்.

பிரெஞ்சில் 'பொது' என்று பொருள்படும் 'ழெனெரால்' ஏழெழுத்துச் சொல். அதில் தலைக்குறியிட்ட 'எ' இரண்டு முறை வருகிறது. 1252-இல் அதன் எண் 233. அதே எண்ணை 936 ஒரு சீன எழுத்தின் முன்பாதியாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் எழுத்தைப் பின்பாதியாக விழுங்கிவிடுகிறது. ஏழெழுத்து திரையில் ஐந்தாகச் சுருங்குகிறது. அவற்றில் இரண்டு சீனம். ஆங்கில எழுத்துகளின் எண்கள் 128-க்குக் கீழே இருப்பதால் ஆங்கில மெனு தப்பிவிடும். 128-க்கு மேல் எழுத்துகளை வைத்த திஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே மெனுவைக் கூர்ந்து பார்ப்பதுதான் முதல் வேலை. சம்பந்தமில்லாத சீன எழுத்து தெரிந்தால் அட்டவணைக் குழப்பம். வெற்றுக் கட்டம் தெரிந்தால் அந்த எழுத்தின் வடிவம் எழுத்துருவில் இல்லை. கேள்விக்குறி வேறு வகை: குறியாக்கம் மாற்றப்பட்டபோதே எழுத்து தொலைந்துவிட்டது, எந்த எழுத்துருவாலும் அதை மீட்க முடியாது.

அட்டவணைக் குழப்பத்துக்கு, கண்ட்ரோல் பேனலின் வட்டார அமைப்பில் 'யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழி'யை மாற்றிக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு: பிரெஞ்சு மெனு சீரானதும் பழைய சீன நிரல்களின் மெனுக்கள் சிதையும். ஒரே ஒரு நிரலுக்காக முழுக் கணினியையும் மாற்றுவது வீண். அந்த நிரலுக்கு மட்டும் வேறு மொழிச் சூழலைக் காட்டும் லோகேல் எமுலேட்டர் போன்ற கருவியே நல்லது. 2018-இல் விண்டோஸ் 10-க்கு யுடிஎஃப்-8 தெரிவு ஒன்று சோதனை நிலையில் வந்தது. 936-ஐ நம்பி எழுதிய நிரல்கள் அதனாலும் தடுமாறும்.

கட்டங்கள் தெரிந்தால் மட்டுமே எழுத்துருவைத் தொட வேண்டும். விண்டோஸ், ஓர் எழுத்துருவில் இல்லாத வடிவத்தை வேறு எந்த எழுத்துருவில் தேடலாம் என்ற வரிசையை ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. அந்த வரிசையில் சிம்சுன், மைக்ரோசாஃப்ட் யாஹே போன்ற சீன எழுத்துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கை வைக்கும் முன் ரெஜிஸ்ட்ரியைப் பிரதியெடுத்துக்கொள்வது கட்டாயம்.

லினக்ஸில் சிக்கல் நுட்பமானது. சீன, ஜப்பானிய எழுத்துகள் பலவற்றுக்கு யூனிகோட் ஒரே எண்ணைத் தந்திருக்கிறது. 'எலும்பு' என்பதற்கான எழுத்தின் மேற்பகுதியில் உள்ள சிறு மூலை சீனாவில் இடப்பக்கம், ஜப்பானில் வலப்பக்கம். ஜப்பானிய எழுத்துரு முந்திக்கொண்டால் சீன மெனுவில் அயல் வடிவம் தோன்றும். ஃபான்ட்கான்ஃபிக் அமைப்பில் நோட்டோ எழுத்துருவின் எளிய சீன வடிவத்தை ஜப்பானிய வடிவத்துக்கு முன்னால் வைத்து, நிரலை மூடித் திறந்தால் மூலை இடப்பக்கம் திரும்பிவிடும்.