தினசரி வண்டிக்கு எந்தக் கிளட்ச்? ஒரு கடைக்காரரின் கணக்கு

மலர்க் குழுவினர் வீட்டுக்கு வந்தபோது, "ஐயா, இந்த வருஷமும் சிந்தாமணி, நீலகேசின்னு ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார்கள். அவற்றைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடக் கற்றவர்கள் இந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, ஜே.சி. ரோட்டில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. எனக்குச் சோறு போட்ட இந்தத் தொழிலைப் பற்றி ஒரு வரிகூட இதுவரை எழுதியதில்லையே என்று தோன்றியது. அதனால் இம்முறை கிளட்ச்.

சிரிக்க வேண்டாம். நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். நல்ல வண்டி வாங்குகிறார்கள். வாங்கிய ஆறு மாசத்தில் அதை 'ட்யூன்' பண்ணுகிறார்கள். டர்போ எஞ்சினில் இதற்கு ஸ்பேனரே வேண்டியதில்லை. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கை மாற்றி, டர்போவின் காற்றழுத்தத்தையும் டீசல் அளவையும் கூட்டிவிட்டால் போதும். 'ரீமேப்' என்று அதற்குப் பெயர். எஞ்சினுக்குப் பலம் கூடுகிறது. ஆனால் அந்தப் பலத்தைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பழையதாகவே இருக்கிறது. அங்கேதான் வம்பு பிறக்கிறது.

சென்ற ஆண்டு நம் சங்க நண்பர் ஒருவரின் மகன் கடைக்கு வந்தார். ஸ்கோடா லாரா, 2012-ஆம் வருஷத்து வண்டி, 2.0 லிட்டர் டீசல், கையால் கியர் போடுவது. கம்பெனிக் கணக்குப்படி 140 குதிரைசக்தி, 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. (பட்டறையில் இதை 'டார்க்' என்பார்கள்.) ரீமேப் செய்து அளந்த சீட்டில் 400 நியூட்டன் மீட்டர் என்று இருந்தது. "அங்கிள், காலைல நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் சில்க் போர்டு டிராஃபிக் தாண்டினதும் மிதிச்சா ஆர்.பி.எம். மட்டும் ஏறுது, வண்டி போகமாட்டேங்குது. இருக்கறதுலயே பெரிய கிளட்சா போட்டுடலாமா?" என்று கேட்டார்.

காலையில் பிடிக்கிற கிளட்ச் மாலையில் ஏன் வழுக்குகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், எந்தக் கிளட்ச் வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு அட்டையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொருவரை அந்த அட்டையைத் திருகச் சொல்லுங்கள். எவ்வளவு திருகினால் அது நழுவும் என்பதை நாலு சங்கதிகள் தீர்மானிக்கின்றன: அழுத்தும் பலம், தோலின் சொரசொரப்பு, அட்டையின் அகலம், எத்தனை பக்கம் உரசுகிறது என்பது. கிளட்ச்சும் இதேதான். எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் ஒரு கை. டயாபிரம் வில் அழுத்தும் பிரஷர் பிளேட் மறு கை. நடுவில் இருக்கும் அட்டைதான் கியர்பாக்ஸோடு சேர்ந்த கிளட்ச் பிளேட்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பிளேட்டின் உரசும் பகுதி வெளிவட்டம் 240 மில்லிமீட்டர், உள்வட்டம் 155 என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆரம் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர், அதாவது 0.1 மீட்டர். வில்லின் அழுத்தம் 7,000 நியூட்டன், உராய்வு எண் 0.3, உரசும் முகங்கள் 2. எல்லாவற்றையும் பெருக்கினால் 420 நியூட்டன் மீட்டர் வரும். 320 தரும் எஞ்சினுக்கு இது தாராளம். ஆனால் 400 தரும் எஞ்சினுக்கு நூலிழைதான் மிச்சம். சாதாரணப் பிளேட்டுக்குச் சூடு ஏற ஏற உராய்வு எண் குறையும், 0.3 என்பது 0.25 ஆனால் தாங்கும் அளவு 350-க்கு இறங்கிவிடும். பழைய 320-க்கு அதுவும் போதும், 400-க்குப் போதாது. தம்பி சொன்ன காலை, மாலை வித்தியாசம் இதுதான். (இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் வண்டிக்கான அளவைக் கிளட்ச் செய்தவரின் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

சூடு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமதரையில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது, கிளட்ச் முழுசாய்ப் பிடிக்கும் வரையில் வண்டிக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு ஆற்றல் கிளட்ச்சில் சூடாகிப் போகிறது. முதல் கியருக்குப் பதில் இரண்டாம் கியரில் கிளப்பினால், பிடிக்கும் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சூடு நாலு மடங்கு. நெரிசலில் சோம்பல்பட்டு இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பிள்ளைகள் குதிரைசக்தியைச் சொல்லிக் கிளட்ச் கேட்கிறார்கள். அது தவறு. அதே லாராவின் 1.8 பெட்ரோல் எஞ்சினுக்கு 160 குதிரைசக்தி, ஆனால் முறுக்குவிசை 250-தான். குதிரைசக்தி குறைந்த டீசலுக்கே பலமான கிளட்ச் தேவை. கிளட்ச்சுக்குத் தெரிந்ததெல்லாம் முறுக்குவிசை ஒன்றுதான். அதேபோல் பெட்டிமேல் 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 3' என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவரின் 'ஸ்டேஜ் 2' இன்னொருவரின் 'ஸ்டேஜ் 1'-ஐவிடக் குறைவாகவும் இருக்கலாம். எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்று எண்ணாகக் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையை விட்டு இறங்கிவிடலாம், அது என் கடையாக இருந்தாலும் சரி.

இப்போது பிடிப்பைக் கூட்டும் வழிகள். ஆரத்தைப் பெரிதாக்க உள்ளே இடமில்லை, அதை விட்டுவிடலாம். மிச்சம் மூன்று.

உராய்வைக் கூட்டுவது ஒன்று. கம்பெனிப் பிளேட்டில் இருப்பது 'ஆர்கானிக்' எனப்படும் கலவை, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. மெதுவாக, பதமாகப் பிடிக்கும். கெவ்லார் இழை நெடுநாள் உழைக்கும், ஆனால் பொறுமையாகப் பழக்க வேண்டும். நெரிசலில் அதிகம் சூடேறி மேற்பரப்பு பளபளத்துவிட்டால் பழைய பிடிப்பு திரும்புவது கஷ்டம். அதற்கு மேலே உலோகப் பொடியும் பீங்கான் பொருளும் சேர்த்துச் சுட்டெடுத்த வில்லைகள். வட்டம் முழுக்க இல்லாமல் நாலு, ஆறு வில்லைகளாகப் பதித்திருப்பார்கள். 'பக்' பிளேட் என்பது இதுதான். சூட்டுக்கு அஞ்சாது, பிடித்தால் விடாது. பந்தய வண்டிக்கு வேறென்ன வேண்டும்? தெருவில் ஓடும் வண்டிக்கு அந்தக் குணமே குற்றம். பாதி பிடித்து, பாதி நழுவி நகர்வது என்பதே அதற்குத் தெரியாது. ஃப்ளைவீல் முகத்தையும் சீக்கிரம் தின்றுவிடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாலிபர் வந்து ஆறு வில்லைப் பிளேட்தான் வேண்டும் என்றார். நல்ல லாபமுள்ள சரக்கு. தினமும் ஓட்டுகிற வண்டியா, வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு மாசம் கழித்து அவர் மனைவி, அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்திலிருந்து மேடேறும்போது வண்டி குதித்து நின்று, பின்னால் உருண்டு தூணில் இடித்தது. பின் சீட்டில் குழந்தை. ஒருவருக்கும் அடியில்லை. அவர் சண்டை போடக்கூட வரவில்லை. பிளேட்டைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "அங்கிள், நீங்களாவது சொல்லியிருக்கலாம்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சொல்லாமல் விற்றதும் பொய் சொல்லி விற்றதும் ஒன்றுதான் என்பது அன்றைக்கு நன்றாகவே உறைத்தது.

இரண்டாவது வழி, வில்லின் அழுத்தத்தைக் கூட்டுவது. நம் கணக்கில் 7,000 நியூட்டனை 25 சதவீதம் கூட்டி 8,750 ஆக்கினால், சாதாரண ஆர்கானிக் பிளேட்டோடேயே 525 வரும், சூட்டில் 0.25-க்கு இறங்கினாலும் 437. எஞ்சின் தருவது 400. போதும். மிதி கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். ஆனால் இதையே 60, 70 சதவீதம் கூட்டும் பிளேட்களும் உண்டு. அவற்றை மிதித்தால் இடது முழங்கால் மட்டுமல்ல, மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க்கைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும் அந்தச் சுமையை வாங்கும். ஒரு மணி நேர நெரிசலில் எத்தனை மிதி என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, இரட்டைப் பிளேட். முகம் நாலு ஆவதால் அதே வில்லுக்கு இரண்டு மடங்கு பிடிப்பு, நம் கணக்கில் 840. மிதியும் இலேசு. விலையைக் கேட்டால் நெஞ்சு கனக்கும். சிலவற்றில் நியூட்ரலில் நிற்கும்போது கலகலவென்று சத்தமும் வரும். 400-க்கு இது வேண்டியதில்லை.

ஆகத் தம்பிக்கு நான் சொன்னது: அளந்த முறுக்குவிசைக்கு மேல் 20 முதல் 30 சதவீதம் தாங்கும் கிளட்ச் எடு, அழுத்தம் கூடின பிரஷர் பிளேட்டும், முழு வட்ட ஆர்கானிக் பிளேட்டும். பிளேட்டின் இரண்டு உரசு முகங்களுக்கும் நடுவே அலைபோன்ற மெல்லிய எஃகு இலை இருக்க வேண்டும். அந்த எஃகு இலைதான் பதமாகப் பிடிக்க வைக்கும். பெரியது போட்டால் என்ன நஷ்டம் என்று அவர் விடவில்லை. எப்போதும் நழுவாத கிளட்ச் போட்டால், அதிர்ச்சி அத்தனையும் கியர்பாக்ஸுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும்தான் போகும். அவற்றின் விலையைச் சொன்னேன், அடங்கிவிட்டார்.

ஃப்ளைவீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த டீசலில் இருப்பது 'டூயல் மாஸ்', அதாவது இரண்டு பாகமாகச் செய்து நடுவில் வில் வைத்தது. தேய்ந்தால் மாற்றச் செலவு அதிகம் என்று பலரும் அதைத் தூக்கிவிட்டு ஒற்றைத் துண்டு ஃப்ளைவீல் போடுகிறார்கள். உழைக்கும், உண்மை. ஆனால் வண்டி சும்மா நிற்கும்போது கியர்பாக்ஸில் கிடுகிடு சத்தமும், குறைந்த வேகத்தில் நடுக்கமும் வந்து சேரும். ஆட்டத்தை அளந்து பார்த்து, இருப்பது நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வது நல்லது. இவர் வண்டியில் நன்றாகவே இருந்தது.

கியர்பாக்ஸை இறக்கும் கூலி எந்தக் கிளட்ச் போட்டாலும் ஒன்றுதான். எனவே இறக்கிய கையோடு ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருந்தால் அதையும் மாற்றுங்கள். புதுப் பிளேட்மேல் நாலு சொட்டு ஆயில் விழுந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

சட்டத்தையும் மறைக்கக் கூடாது. கம்பெனியின் மூலக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. கிளட்ச் தேய்மானப் பொருள், ஆனால் ரீமேப் அப்படியல்ல. இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்தால் விபத்தின்போது வில்லங்கம் வரலாம். இதை அவரிடமும் அவர் அப்பாவிடமும் சேர்த்தே சொன்னேன். முடிவு அவர்களுடையது.

கிளட்ச் போட்டபின் 800 கிலோமீட்டர் வரை ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கக் கூடாது, ஊருக்குள்ளேயே ஓட்டு என்றேன். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் போன தூரம் இதில் சேராது; பிடித்து விட்டு, பிடித்து விட்டுத்தான் புது முகங்கள் ஒன்றோடொன்று படியும். தம்பி கணக்காக ஓட்டினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்கு ஏறி இறங்கி, கிளட்ச் சூடாக இருக்கும்போதே கீழே ஆளில்லாத சமதரையில் நாலாம் கியரில் போட்டு, 1,800 சுற்றிலிருந்து முழுசாக மிதிக்கச் சொன்னேன். வழுக்கும் கிளட்ச் என்றால் முள் சட்டென்று தாவும், வேகம் அப்படியே நிற்கும். முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறின. திரும்பி வரும்போது சில்க் போர்டு வழியாக அவருடைய அம்மா ஓட்டினார். முக்கால் மணி நேர நெரிசல். மிதி கொஞ்சம் கனமாயிருக்கிறது என்றார், வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.