மூங்கிலுக்குள் ஒரு கம்பி

விபத்தில் கால் முறிந்த ஒருவர் "தொடையில் ராடு வெச்சிருக்கு" என்று சொல்லக் கேட்டிருப்போம். அந்த ராடு எலும்பின் மேல் கட்டிய சிம்பு அல்ல, எலும்புக்குள்ளேயே இருக்கிறது. தொடை எலும்பின் நடுப்பகுதி மூங்கில் போன்ற குழாய், உள்ளே மஜ்ஜை. அந்தக் குழாயில் ஏறத்தாழ 40 செ.மீ. நீளத்தில், விரல் பருமனில் ஓர் உலோக ஆணி குடியேறுகிறது.

1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் க்யூன்ட்ஷர் என்ற மருத்துவர் இதைச் செய்துகாட்டினார். அதுவரை தொடை முறிந்தால் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் படுக்கைதான். மஜ்ஜையைக் குடைவதா என்று சக மருத்துவர்கள் பதறினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மானியச் சிறையிலிருந்து திரும்பிய தங்கள் வீரர்களின் எக்ஸ்ரேயில் நீளமான கம்பியைக் கண்டு நேச நாட்டு மருத்துவர்கள் திகைத்தார்கள்.

முறிந்த இடத்தை இதற்குப் பெரும்பாலும் திறப்பதே இல்லை. அங்கே உறைந்த ரத்தத்தில்தான் எலும்பைக் கூட்டும் வேலை தொடங்குகிறது. அதைக் கலைக்கக் கூடாது. ஆகவே இடுப்பருகே சிறிய துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய கம்பியை முறிவு தாண்டிச் செலுத்துகிறார்கள். பாவாடைக்கு நாடா கோப்பது போலத்தான், துணி மட்டும் இரண்டாகக் கிழிந்திருக்கிறது! நடுவில் துளையுள்ள ஆணி அந்தக் கம்பியின் மேல் வழுக்கி இறங்கும்.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். ஆணி சுழலாதிருக்க, அதன் கீழ்முனைத் துளைகளில் குறுக்கே திருகு போட வேண்டும். தசைக்கும் எலும்புக்கும் அடியில் உள்ள துளை கண்ணுக்கா தெரியும்? வளையலைச் சாய்த்துப் பிடித்தால் நீள்வட்டம், நேராகப் பிடித்தால் முழுவட்டம். திரையில் துளை முழுவட்டமாகும்வரை எக்ஸ்ரே கருவியைத் திருப்புகிறார்கள். அதே நேர்கோட்டில் துளைபோட்டால் திருகு குறி தவறாது.

ஆணி சற்றே வளைந்துகொடுக்கும். அது குறையல்ல. அந்த நுண்ணிய அசைவே முறிவைச் சுற்றிக் 'கேலஸ்' எனப்படும் ஒட்டுத்திசுவை வளரத் தூண்டுகிறது; அது மெல்ல எலும்பாக இறுகும். ஆனால் திரும்பத் திரும்ப வளைத்தால் எந்தக் கம்பியும் ஒருநாள் ஒடியும். நோயாளி வைக்கும் ஒவ்வோர் அடியிலும் எலும்புக்கும் உலோகத்துக்கும் பந்தயம் நடக்கிறது. பெரும்பாலும் எலும்பே முந்துகிறது.

கூடிய பின் தொந்தரவு இல்லையென்றால் ஆணியைப் பலருக்கு எடுப்பதில்லை. எடுக்கப் போனாலும், சிலருக்கு அதன் தலைமேல் எலும்பு வளர்ந்து மூடியிருக்கும். முதலில் அதைத் தேடிப்பிடிக்க வேண்டும்.