உழைப்பைக் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் ஒரே பொருளைக் குறிப்பனபோலத் தோன்றும் சொற்களுள் எதனைக் கையாள்வது என்பது பெரும்பாலும் நடையழகு பற்றிய வினாவாகவே கொள்ளப்படுகின்றது. ஆனால், அச்சொற்களுக்கிடையேயான வேறுபாடு சமூக உறவுகளின் வரலாற்றிலிருந்து பிறப்பதும் உண்டு. 'வேர்க்', 'லேபர்' என்னும் இரு சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

'வேர்க்' பழைய ஆங்கிலத்திற்குரிய, ஜேர்மானிய மூலமுடைய சொல். 'லேபர்' 1066ஆம் ஆண்டின் நோர்மன் வெற்றிக்குப் பின்னர் பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் சொல். வருத்தம், பாடு என்னும் பொருட்சாயல் அதற்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. பிரசவ வேதனையை இன்றும் அச்சொல்லே குறிக்கின்றது. 'வேர்க்' என்பதோ செய்து முடித்த ஆக்கத்தையும் சுட்டும். ஓவியனின் படைப்பு 'வேர்க்' ஆகும்; 'லேபர்' ஆகாது.

இவ்வேறுபாட்டை ஏங்கெல்ஸ் பொருளியல் நோக்கில் விளக்கியுள்ளார். 'மூலதனம்' முதற் பாகத்தின் நான்காம் ஜேர்மன் பதிப்பில் (1890) அவர் சேர்த்த அடிக்குறிப்பின்படி, பயன்மதிப்பைப் படைக்கும், பண்பால் வேறுபடும் உழைப்பு 'வேர்க்'. மதிப்பைப் படைக்கும், அளவால் மட்டுமே கணிக்கப்படும் உழைப்பு 'லேபர்'. தையலும் நெசவும் வெவ்வேறு 'வேர்க்'. அவற்றின் விளைபொருள்கள் சந்தையிற் சமப்படுத்தப்படும்போது இரண்டும் ஒரே 'லேபர்'.

ஆயினும், உலக வழக்கு இவ்வரையறைக்குள் முற்றாக அடங்குவதன்று. முதலாளித்துவ உற்பத்தியுறவுகள் வளர்ந்தபோது 'வேர்க்' என்பதும் ஊதியத்திற்குச் செய்யும் தொழில் என்று சுருங்கலாயிற்று. வீட்டைப் பேணிக் குழந்தைகளை வளர்க்கும் பெண் 'வேர்க்' செய்யாதவளாகக் கருதப்படும் வழக்கினை றேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளிவந்த 'கீவேட்ஸ்' நூலிற் சுட்டிக்காட்டினார். இவ்வழக்கை ஆராயாது ஏற்று எழுதுவோர், கூலி பெறாத உழைப்பு உழைப்பே அன்று என்னும் சந்தையின் தீர்ப்பை வழிமொழிந்தவராகின்றனர்.

எனவே எழுதுவோர் தம்மை வினவவேண்டியது இதுவே: குறிப்பிட்ட செய்கையையும் அதன் விளைவையும் பேசுகின்றோமா? அன்றி அளந்து கணிக்கப்படும் பொது உழைப்பையும் உழைக்கும் வர்க்கத்தையும் பேசுகின்றோமா? முன்னதற்கு 'வேர்க்', பின்னதற்கு 'லேபர்' பொருந்தும். பிரித்தானியத் தொழிற்கட்சி 1906இல் ஏற்ற பெயரிலும் 'லேபர்' என்பதே இடம்பெற்றது.

ஆங்கிலவழித் தமிழாக்கத்தில் இரண்டும் 'உழைப்பு' என்றே ஆகிவிடக்கூடும். அவ்விடத்து அடைமொழியாலேனும் வேறுபாட்டைக் காத்தல் வேண்டும். ஒரே சொல்லையுடைய ஜேர்மன் மொழியில் மார்க்ஸ் தூல உழைப்பு, அருவ உழைப்பு எனப் பிரித்தெழுதியதும் இவ்வாறே.