மஞ்சள் மாத்திரையும் ஈரோட்டுச் சித்தியும்

இங்க ராட்டர்டாம்ல எந்த மருந்துக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் வைட்டமின் அடுக்குக்குப் பக்கத்துல 'குர்குமா'ன்னு டப்பா வரிசையா நிக்குது. அதாங்க, நம்ம மஞ்சளேதான். மிளகுச் சத்து சேர்த்தது, சேர்க்காததுன்னு ரகம் ரகமா இருக்கு.

ஊருக்கு வர்றேன்னு சொன்னா முன்னெல்லாம் சாக்லேட், சென்ட்டுன்னு பட்டியல் வரும். இந்தத் தடவை ஈரோட்டுல இருந்து சித்தி கேட்டது மிளகு சேர்த்த இந்த டப்பாவை. வீடு மஞ்சள் மண்டிக்கு ரெண்டு தெரு தள்ளி! ஈரோட்டுக்கு ராட்டர்டாம்ல இருந்து மஞ்சள் கொண்டு போற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன் :-)

ஆனா கேட்ட காரணம் சிரிக்கிற விஷயமில்லை. சித்திக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்போ தினம் ஒரு டமாக்ஸிஃபென் மாத்திரை. "இயற்கைதானே கண்ணு, ஒண்ணும் பண்ணாதுல்ல?"ன்னு வாட்ஸப்ல குரல் அனுப்பியிருந்தாங்க. மருந்தியல் படிக்கிற பையன்கிட்ட கேட்டா சரியா இருக்கும்னு ஒரு நம்பிக்கை.

அந்த 'ஒண்ணும் பண்ணாது'தான் எனக்கு இடிக்குது. ஒண்ணும் பண்ணாதுன்னா எதுக்குச் சாப்பிடணும்? ஏதோ பண்ணும்னா, கூடவே உள்ள போற மாத்திரையையும் ஏதாவது பண்ணலாமே?

பண்ணுது. அதைக் கண்டுபிடிச்சதும் இதே ஊர்லதான். டமாக்ஸிஃபென் அப்படியே வேலை செய்யுற மருந்து இல்லை. கல்லீரல் அதை என்டாக்ஸிஃபென்னு இன்னொரு பொருளா மாத்துது. ஈஸ்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய இடத்துல முந்திக்கிட்டு உட்கார்ந்து புற்றணுவை வளர விடாமத் தடுக்குறதுல பெரும்பங்கு அதுக்குத்தான். எராஸ்மஸ் மருத்துவ மையத்துல டமாக்ஸிஃபென் சாப்பிடுற 16 பேரை வச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2019ல வெளியிட்டாங்க. மஞ்சளோட சாரமான குர்குமினை ஒரு வேளைக்கு 1200 மில்லிகிராம், தினம் மூணு வேளை கொடுத்தாங்க. ரத்தத்துல என்டாக்ஸிஃபென் அளவு 7.7 சதவீதம் குறைஞ்சது. கூடவே மிளகுச் சத்தான பைப்பரினையும் கொடுத்தப்ப 12.4 சதவீதம்.

"பன்னெண்டுதானே"ன்னு விட்டுட முடியாது. என்டாக்ஸிஃபென் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஏற்கெனவே விளிம்புல இருக்குறவங்களுக்கு அது தேவையான அளவுக்குக் கீழ போயிடலாம். டமாக்ஸிஃபென் அஞ்சு வருஷம், சிலருக்குப் பத்து வருஷம் சாப்பிடுற மாத்திரை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுறது வெளிய தெரியவே தெரியாது. வலியும் வராது, காய்ச்சலும் வராது.

அப்போ ரசத்துல மஞ்சள் போடக்கூடாதான்னு பதறாதீங்க. ஒரு சின்னக் கணக்கு. மஞ்சள் தூள்ல குர்குமின் சுமாரா 3 சதவீதம்தான். அந்த ஆய்வுல ஒரு நாளைக்குக் கொடுத்தது 3.6 கிராம் குர்குமின். அதை மஞ்சள் தூளாச் சாப்பிடணும்னா 120 கிராம் வேணும், ஒரே நாள்ல! எந்த சித்தியும் அப்படி ரசம் வைக்க மாட்டாங்க. சமையல் மஞ்சள் வேற, மாத்திரை மஞ்சள் வேற. சித்திக்கு நான் சொன்னதும் இதுதான்: ரசம் தாராளமா வைங்க, டப்பா வேண்டாம்.

மிளகு எதுக்குன்னா, குர்குமின் தானா ரத்தத்துல சேர்றது ரொம்பக் கம்மி. மிளகோட சேர்ந்தா 2000 சதவீதம் அதிகமாகும்னு விளம்பரத்துல எல்லாம் வருதே, அது 1998ல வெளியான பெங்களூரு ஆய்வு ஒண்ணுல இருந்து எடுத்தது. பொய் இல்லை. ஆனா மிளகு அதைச் செய்யுறதே உடம்பு பொருட்களை உடைச்சு வெளியேத்துற வேலையைத் தடுத்துத்தான். அந்தத் தடுப்பு மஞ்சளோட மட்டும் நிக்காதுங்கிறதை விளம்பரம் சொல்லாது.

ரேடியேஷன்ல தோல் வெந்து போறதுக்கும் மஞ்சள் மாத்திரை நல்லதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 2013ல அமெரிக்காவுல ராச்செஸ்டர் குழு 30 பேருக்குக் கொடுத்துப் பார்த்து நல்ல பலன்னு சொன்னது. அதே குழு விடாம 686 மார்பகப் புற்றுநோயாளிகளை வச்சுத் திரும்பச் செஞ்சு 2018ல வெளியிட்டது. சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. தன்னோட நல்ல செய்தியைத் தானே சோதிச்சுக் கவுத்துக்கிட்டாங்க பாருங்க, அவங்க மேல எனக்குத் தனி மரியாதை. முன்னாடி வந்ததுதான் இன்னும் வாட்ஸப்ல சுத்துது.

எல்லாமே வேஸ்டான்னா இல்லை. இதே ராச்செஸ்டர் ஆளுங்க இஞ்சியையும் பார்த்தாங்க. 2012ல 576 பேர், பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள். கீமோவுக்கு மூணு நாள் முன்னாடி ஆரம்பிச்சு ஆறு நாள், வழக்கமான வாந்தி மாத்திரையோட சேர்த்து. தினம் அரை கிராம்ல இருந்து ஒரு கிராம் எடுத்தவங்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைஞ்சது. ஒன்றரை கிராம் கொடுத்தும் பார்த்தாங்க, அதிகம் கொடுத்ததால அதிக பலன்னு ஒண்ணும் இல்லை. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களும், பிளேட்லெட் குறைஞ்சவங்களும் டாக்டரைக் கேட்டுட்டு எடுக்கணும்.

சோயா பத்தியும் ஒரு பயம் உண்டு. சாப்பாட்டுல வர்ற சோயாவுக்கு அந்தப் பயம் வேண்டாம். ஷாங்காய்ல 5000 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2009ல வெளியிட்டதுல, சோயா உணவு சாப்பிட்டவங்களுக்கு நோய் திரும்புறது கம்மியாத்தான் இருந்தது. மாத்திரையா விக்கிற சோயாவுக்கு இது பொருந்தாது.

இன்னொண்ணு. கீமோன்னாலே கெமிக்கல், நமக்கு இயற்கைதான் வேணும்னு சொல்றவங்களுக்கு: மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்குற பாக்லிடாக்ஸல் முதல்ல கிடைச்சது பசிபிக் யூ மரத்தோட பட்டையில. 1962ல பட்டையைச் சேகரிச்சு, 1971ல அமைப்பைக் கண்டுபிடிச்சு, மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 1994ல. முப்பது வருஷத்துக்கு மேல சோதிச்ச இயற்கை அது!

சிகிச்சையோட சேர்த்து எடுக்குறது வேற, சிகிச்சைக்குப் பதிலா எடுக்குறது வேற. அமெரிக்கப் பதிவேடுகளை வச்சு 2018ல வந்த கட்டுரை ஒண்ணு, மாற்று வைத்தியம் மட்டும் எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகளோட இறப்பு அபாயம் வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களைவிட அஞ்சு மடங்குக்கும் மேலன்னு சொல்லுது.

உங்க வீட்டுலயும் யாராவது சிகிச்சையில இருந்தா, லேகியம், கஷாயம், மாத்திரை எது எடுத்தாலும் பேரு, எத்தனை மில்லிகிராம், எப்போல இருந்துன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அடுத்த தடவை டாக்டர்கிட்ட கொடுங்க. டப்பாவையே கையில கொண்டு போனா இன்னும் நல்லது. திட்டுவாரோன்னு மறைக்காதீங்க. ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா அதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, சிலதை ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க.