ஹெல்மெட் போட்டும் மூளை ஏன் அடிபடுது?

அமெரிக்கன் ஃபுட்பால் பத்திப் படிக்கும்போது எனக்கு வந்த முதல் சந்தேகம் இதுதான்.

ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளையை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. பஸ் சடன் பிரேக் போட்டா நாம முன்னால சாய்வோமே, அதே கதைதான். தலை நின்றாலும் மூளை குலுங்கும், நரம்பிழைகள் இழுபடும்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வீரர் மைக் வெப்ஸ்டர், மறதியோடும் குழப்பத்தோடும் போராடி 2002இல் 50 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளை பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. டாக்டர் பென்னட் ஒமாலு மெல்லிய சீவல்களாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் டௌ என்ற புரதம் படிந்திருந்தது தெரிந்தது.

இந்த நோய்க்கு சி.டி.இ. என்று பெயர். மயங்கி விழவைக்கிற அடி மட்டுமல்ல, வருஷக்கணக்கா வாங்குற சின்னச் சின்ன இடிகளும் சேர்ந்து இதைக் கொண்டுவரும். இறந்த பிறகுதான் உறுதி செய்ய முடியும் என்பதுதான் கொடுமை. அதனால, தலையில் அடிபட்ட பிள்ளை "ஒண்ணுமில்ல, ஆடுறேன்"னு சொன்னாலும் அன்னிக்கு ஆட விடாதீங்க.