சிட்லபாக்கம் ஏரியை ஒரு சுற்று

தாம்பரம் சானடோரியம் ரெயில் நிலையத்திற்குச் சமீபத்திலுள்ள சிட்லபாக்கம் ஏரி, முற்காலத்தில் நஞ்சைப் பாசனத்திற்கு உதவிய நீர்நிலையாகும். இன்று அதன் கரையோரம் நடைபாதை அமைந்துள்ளது. காலையில் உலாவ வருவோர் சிறிது நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடலாம்.

ஏரியின் விஸ்தீரணம் ஒரு காலத்தில் 86 ஏக்கருக்கு மேல். இப்போது ஏறத்தாழ 47 ஏக்கரே. வயல்கள் மனைகளானதும் ஆயக்கட்டு மறைந்தது. கரையைப் பேணும் குடியானவரும் அற்றனர். குப்பையும் கழிவுநீரும் சேர்ந்தன, ஆக்கிரமிப்பு வளர்ந்தது. 2019ஆம் வருஷத்து வறட்சியில் ஊரார் தாமே ஏரியில் இறங்கிச் சுத்தம் செய்தனர். சர்க்காரும் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கிற்று.

இங்கு மிகும் ஜலம் செம்பாக்கம் ஏரிக்குச் சென்று, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பை அடையும். இடையில் கால்வாய் தூர்ந்தால் வெள்ளம் வீடுகளுட் புகும் என்பது 2015ஆம் வருஷ மழையில் இப்புறநகர்களில் கண்கூடாயிற்று.

ஆகையால் பட்டாதாரர்களும் கிராம அதிகாரிகளும் ஐப்பசி பிறக்குமுன் தத்தம் ஏரியை ஒருமுறை சுற்றி வருதல் நலம். எல்லைக்கல் நிற்கிறதா, வரத்துக்காலில் செடி மண்டியுள்ளதா, கலங்கலில் அடைப்புண்டா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பறிபோன ஏரியை மீட்பதைவிட, உள்ள ஏரியைக் காப்பது எளிது.